டிரைவர் சீட்டில் உட்கார்ந்தது யார்?

காலையில் எழுந்தேன். பல் தேய்த்தேன். பாலைக் காய்ச்சினேன், பொங்குவதற்குள் அடுப்பை அணைத்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். நின்றபடியே காபி குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். கதவைப் பூட்டினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். படியிறங்கி வந்து காரில் ஏறினேன்.

இதில் கடைசி வேலைதான் கொஞ்சம் கஷ்டம். முதலில் ஒரு காலை உள்ளே விட வேண்டும். தலையைக் குனிந்து உடம்பைப் பக்கவாட்டில் நுழைக்க வேண்டும். அடுத்த காலை மடக்கி ஸ்டீயரிங்குக்கு அடியில் சொருக வேண்டும். அப்புறம் இரண்டு முழங்காலும் ஸ்டீயரிங்குக்கு இரண்டு பக்கமும் காவலுக்கு நிற்கும். நான் உயரம், ஒல்லி. சீட் பின்னால் நகராது.

அது என் மனைவியின் கார். அவளுக்கு முன் மூன்று பேர் ஓட்டித் தேய்த்த பழைய வண்டி. அவள் குள்ளம். அவள் இறந்த பிறகு கார் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் மழையில் கிடந்தது. எடுத்து வந்தபோது சீட் அசையவில்லை. துரு பிடித்துவிட்டது என்றான் மெக்கானிக். நம்பினேன். அதற்கு முன் நான் பைக்கில்தான் போவேன், அந்த சீட்டில் உட்கார்ந்ததே இல்லை.

என் ஆபீஸ் ஒரு பூட்டுக் கடையின் மாடியில் இருக்கிறது. துப்பறியும் நிறுவனம் என்று போர்டு. மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி விசாரிப்போம், ஆபீஸில் காணாமல் போகும் பொருளைக் கண்டுபிடிப்போம். உதவியாளன் என் மனைவியின் தம்பி. இந்தத் தொழிலில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று அவனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதற்கும் ஏதாவது பதில் சொல்வான்.

படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான்.

"மாமா, நீங்க ஓட்டிட்டு வர்றத தெருமுனையில இருந்தே பாத்தேன். தீப்பெட்டிக்குள்ள வெட்டுக்கிளிய அடைச்ச மாதிரி இருக்கு."

"ஏறு. சீட் கடைக்குப் போறோம்."

"அப்பாடா. இந்தக் கோலத்துல நாம யாரையாவது பின்தொடர்ந்தா, அவனே இறங்கி வந்து உங்களுக்குக் கால் நீட்ட இடம் குடுப்பான்."

ஏறினான். கதவை அடித்துச் சாத்தினான். தெருவைத் தாண்டும்வரை பேசவில்லை. அவன் பேசாமல் இருந்தால் விஷயம் பெரிது.

"என்னடா?"

"சின்னவ இன்னிக்கு வேலைக்குப் போயிட்டா."

சின்னவள் அவர்களுடைய கடைசித் தங்கை. எந்த வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அப்பா காலையிலேயே கூட்டிட்டுப் போயிட்டாரு. அதே பட்டறை. அக்கா உக்காந்த அதே மேசை. அதே ஜன்னல்."

"நீ தடுக்கலையா?"

"தடுத்தேன். கத்துனேன். 'உங்கக்காவ தூக்கிட்டு ஓடின மனுஷன்டா அவரு. உங்க மாமா மாதிரி, மூச்சு முட்டுதுன்னு சொன்னவள வேலைக்குப் போன்னு விரட்டினவரு இல்ல'ன்னாரு. சின்னவளுக்கும் குளிர் வந்தா இழுப்பு வருது மாமா. அது அவருக்கும் தெரியும். தெரிஞ்சும் கூட்டிட்டுப் போறாரு. அந்த ஆளு மேல அவ்வளவு நம்பிக்கை."

அந்த ஆள் என்பது மரச்சாமான் பட்டறை முதலாளி. என் மனைவி அங்கே அலமாரிக்கும் கட்டிலுக்கும் டிசைன் வரைந்துகொண்டிருந்தாள். வார்னிஷ் அடிக்கும் அறைக்கும் அவள் மேசைக்கும் நடுவே ஒரு ஜன்னல். புகையை வெளியே இழுக்கும் ஃபேனைச் சரிசெய்யச் சொல்லி அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் அங்கேயே மூச்சு அடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தாமதமாகிவிட்டது.

துக்க வீட்டில் முதலாளி நடுக்கூடத்தில் நின்று சொன்னதை நான் மனப்பாடமாகச் சொல்வேன். மூன்று மாதமாக மாமனார் அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"மூச்சு வாங்குதுன்னு சொன்னதும் நான் ஒரு நொடி யோசிக்கலைங்க. வாசல்ல அந்தப் பொண்ணோட கார்தான் நின்னுச்சு. சீட்டை ஒரே தள்ளா பின்னாடி தள்ளினேன், ஏறி உக்காந்தேன், பறந்தேன். பக்கத்துல உக்காந்துக்கிட்டு, 'சார், உங்க மேல தப்பில்ல, காலையிலேயே எனக்கு மூச்சு சரியில்ல, போன்ல அவர்கிட்ட சொன்னேன், பேசாம வேலைக்குப் போன்னுட்டார்'னு சொல்லிக்கிட்டே வந்துச்சு. அதுதாங்க கடைசியா பேசினது."

நான் அன்று ஒரு கேஸுக்காக வெளியூரில் இருந்தேன். காலையில் போனில் பேசினாள். மூச்சு நன்றாகத்தான் இருந்தது, என்னை விடாமல் திட்டும் அளவுக்கு. இதை மாமனாரிடம் சொன்னேன்.

"செத்துப்போனவ பொய் சொல்வாளா?" என்றார்.

செத்துப்போனவள் எதையும் சொல்லவில்லை. அவள் சொன்னதாக ஒருவன் சொன்னான். எந்தத் துப்பறிவாளனுக்கும் இந்த வித்தியாசம் தெரியும். மகளை இழந்தவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

முதலாளியின் கதையை நானும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். எங்கும் ஓட்டை இல்லை.

சீட் கடைக்காரருக்குப் பட்டப்பெயர் பஞ்சு. பேர்தான் பஞ்சு, ஆள் முழு மூட்டை. கடை முழுக்கப் பசை வாசம். சுவரில் ரெக்சின் சுருள்கள், தரையில் வயிற்றைக் கிழித்துப் போட்ட சீட்டுகள். வாயில் இரண்டு ஊசிகளைக் கவ்விக்கொண்டே எங்களைத் திட்ட ஆரம்பித்தார்.

"என்னய்யா இது, சீட்டா, எலி வளையா? உக்கார்றதுக்கு முன்னாடி கொண்டு வரணும். பின்பக்கம் கிழிஞ்சப்புறம் கொண்டு வர்றீங்க."

"சீட்டோட பின்பக்கமா, எங்களோடதா?" என்றான் மச்சான்.

பஞ்சு அவனை முறைத்தார். கதவுப் பக்க ஓரத்தை விரலால் அழுத்தினார். உறை நைந்து, உள்ளே பஞ்சு அப்பளமாகியிருந்தது.

"இறங்குறப்பல்லாம் இந்த ஓரத்துல சறுக்கிக்கிட்டு இறங்கியிருக்காங்க. கால் எட்டாத ஆளு. நீங்க இல்ல. உங்க காலுக்கு வாசல்ல இன்னொரு கதவு வைக்கணும். சரி, சீட்டைக் கழட்டணும். பின்னாடி தள்ளினாத்தான் முன் போல்ட்டு தெரியும், முன்னாடி தள்ளினாத்தான் பின் போல்ட்டு தெரியும்." குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டார். தடவினார். முகம் சிவந்தது. "சீட்டை நகர்த்துற லீவரைக் காணோம்! எந்த மடையன்யா லீவரை அறுத்தது? அறிவு இருக்கா அவனுக்கு? தொழில் தெரியாதவன்லாம் ரம்பத்தை எடுத்தா இப்படித்தான்!"

போனில் வெளிச்சம் போட்டுத் தலையை உள்ளே நீட்டினார். திட்டு பாதியில் நின்றது. கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

"என்ன அண்ணே, மடையனைக் கண்டுபிடிச்சுட்டீங்களா?" என்றான் மச்சான்.

"கண்டுபிடிச்சுட்டேன்," என்றார் உள்ளேயிருந்து. "நான்தான்."

எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டார். குரல் இறங்கியிருந்தது.

"இது அந்த அம்மா வண்டி. சின்னதா இருப்பாங்களே, வாய் மட்டும் பெருசு. இந்த சீட்டு ஓடுற இரும்புச் சேனல் இருக்கு பாருங்க, அதுல பூட்டுற பல்லெல்லாம் தேஞ்சு போச்சு. மேடு ஏறினா சீட்டு தானா பின்னாடி ஓடும். 'பிரேக்க மிதிக்கப் போனா பிரேக்கு எனக்கு டாட்டா காட்டுது'ன்னு வந்து சண்டை போட்டாங்க. இந்த மாடலுக்குப் புதுச் சேனல் கெடைக்கல. அதான் முன்னாடி இழுத்து, ஓட்டை போட்டு, போல்ட்டை இறக்கி, மேல வெல்டிங் ஒரு பொட்டு வச்சேன். வேற எவனாவது இழுத்து உடைக்கப் போறான்னு லீவரையும் அறுத்தேன். அடியில கட்டிப் பஞ்சு வச்சு ஒசத்தினேன்."

"எப்ப?" என்று கேட்டேன்.

"மழைக்கு முன்னாடி. அப்புறம் ஒரு நாள், ஓரம் அமுங்குது, உறையையும் சேத்து மாத்திக் குடுங்கன்னு வந்தாங்க. ரெக்சின் கலர் கூட அவங்களே எடுத்தாங்க. நாளைக்கு வேலை முடிஞ்சதும் வண்டிய விட்டுட்டுப் போறேன்னாங்க. வரவே இல்ல." மேல் தட்டிலிருந்து ஒரு சுருளை எடுத்து உதறினார். இருக்கையின் வடிவத்துக்கு வெட்டிய கரும்பச்சை ரெக்சின். "வெட்டி வச்சுட்டு நான் காத்துக்கிட்டு இருக்கேன். வேற வண்டிக்கு இதை மாட்ட முடியுமா? நீங்க யாரு, புதுசா வாங்கினவங்களா? அந்த அம்மாவப் பாத்தா சொல்லுங்க, பஞ்சு கோவமா இருக்கான்னு."

மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அவங்க வர மாட்டாங்க அண்ணே. நாளைக்குன்னு சொன்னாங்களே, அன்னிக்குத்தான் செத்துப்போனாங்க."

பஞ்சு வாயிலிருந்த ஊசிகளை எடுத்தார். ரெக்சினை மெதுவாகச் சுருட்டினார்.

நான் சீட்டையே பார்த்தேன். அந்த நாளில் இந்த போல்ட் இங்கே இருந்தது. துரு இல்லை. மழை இல்லை. ஓட்டையே இல்லாத கதையில் ஒரு போல்ட் ஓட்டை போட்டிருந்தது.

மச்சான் என் பக்கம் திரும்பினான்.

"மாமா. 'சீட்டை ஒரே தள்ளா பின்னாடி தள்ளினேன்.'"

"கேட்டேன்."

"சும்மா ஏறி ஓட்டினேன்னு சொல்லியிருந்தா மாட்டியிருக்க மாட்டான். பொய்க்கு உப்பு கூடிப்போச்சு."

"சும்மா ஏறியிருக்கவும் முடியாது. பஞ்சு அண்ணே, நீங்க ஒரு தடவை ஏறி உக்காருங்க."

"நானா? என் உடம்பைப் பாத்துத்தான் சொல்றீங்களா?"

"உங்க உடம்பைப் பாத்துத்தான் சொல்றேன். அந்த ஆளும் உங்க சைஸ்தான்."

பஞ்சு முயன்றார். கால் போனது. இடுப்பு பாதி போனது. வயிறு ஸ்டீயரிங்கில் முட்டி ஹாரன் அலறியது. ஹாரன் நிற்கவில்லை. மச்சான் இரண்டு கையாலும் அவரை வெளியே இழுத்தான்.

"வயித்த பின் சீட்டுல வச்சுட்டுத்தான் ஓட்டியிருக்கணும்," என்றான். சிரிக்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது. "அப்ப ஓட்டினது யாரு மாமா?"

"வேற யாரு இருக்கா?"

மூச்சு அடைத்துக்கொண்டிருந்தவள், தானே சாவியைப் போட்டு, கியர் மாற்றி, எல்லா சிக்னலையும் தாண்டி, தனியாக.

எனக்குக் கோபம் வந்தது. மூன்று மாதத்தில் எனக்கு வந்த முதல் விஷயம் அது. அழுகை வரவில்லை, தூக்கம் வரவில்லை, பசி வரவில்லை. கோபம் வந்தது. கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

"கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளும்பாங்க," என்றான் மச்சான். "இவன் புளுகு மூணு மாசம் ஓடியிருக்கு."

"நல்லவன் வேஷம் போட்டவன் புளுகுக்கு ஆயுசு கெட்டி."

பஞ்சு வெட்டும் மெஷினை எடுத்தார். "போல்ட்டை அறுத்துடவா?"

"தொடாதீங்க! அப்படியே இருக்கட்டும். இன்னிக்கு ஒருத்தன் இந்த சீட்டைத் தள்ளிக் காட்டணும்."

"மாமா, இன்னொண்ணு. அக்காவே ஓட்டிட்டுப் போனான்னா, காரை ஆஸ்பத்திரி பின்பக்கம் கொண்டு போய் ஒழுங்கா நிறுத்தினது யாரு?"

நல்ல கேள்வி. அவன் வாயிலிருந்து அப்படியும் ஏதாவது வரும்.

"அதுக்கு அப்புறம் போவோம். முதல்ல சின்னவ."

பஞ்சு கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். "நானும் வரேன். என் வெல்டிங்க பொய்யாக்கினவன் மூஞ்சிய நான் பாக்கணும்." பின் சீட்டில் ஏறினார். கார் ஒரு பக்கம் சாய்ந்தது.

பட்டறை வாசலில் சாமான் ஏற்றிய லாரி ஒன்று வெளியே வரத் தயாராக நின்றது. காரை அதற்குக் குறுக்கே நிறுத்தினேன். சாவியை எடுத்துக்கொண்டேன். லாரி டிரைவர் உடனே எங்கள் குடும்பத்தை விசாரிக்க ஆரம்பித்தார்.

உள்ளே, கண்ணாடி அறையில் முதலாளி உட்கார்ந்திருந்தார். எதிரே என் மாமனார், நாற்காலியின் நுனியில். ஜன்னலோர மேசையில் சின்னவள் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு அப்பால் இரண்டு பேர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு கதவுகளுக்கு வார்னிஷ் அடித்தார்கள். சுவரில் பெரிய ஃபேன். ஓடவில்லை. இறக்கையில் ஒட்டடை. சின்னவள் கையால் வாயைப் பொத்தி இருமினாள்.

அந்த இருமல் எனக்குத் தெரியும்.

"வாங்க தம்பி, வாங்க!" முதலாளி எழுந்தார். எழுந்ததும் அறை சிறியதானது. "அப்பாவும் இங்கதான் இருக்காரு. சின்னப் பொண்ணையும் என் பொண்ணு மாதிரிதான் பாத்துக்குவேன்."

மாமனார் என்னைப் பார்க்காமல் மகனிடம் பேசினார். "இவரை எதுக்குடா இங்க கூட்டிட்டு வந்த?"

வெளியே லாரி ஹாரன் அடித்தது. நிறுத்தாமல் அடித்தது.

"எவன்டா அது, வழியில வண்டிய நிறுத்தினது?" என்றார் முதலாளி.

"நாங்கதான் சார்," என்றான் மச்சான், பூனை போல. "மாமாவுக்குக் கால் மரத்துப்போச்சு. எனக்கு லைசென்ஸ் இல்ல. பெரிய மனசு பண்ணி நீங்களே கொஞ்சம் பின்னாடி எடுத்து விடுங்களேன். நீங்க ஏற்கெனவே ஓட்டின வண்டிதானே."

முதலாளியின் கண் ஒரு முறை சிமிட்டியது. "பட்டறையில பசங்க இருக்காங்க. டேய், யாராவது..."

"வேண்டாம் சார்," என்றேன். "பழைய வண்டி. குணம் தெரிஞ்சவங்க கைக்குத்தான் கட்டுப்படும்."

மறுபடியும் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாமனார் எழுந்துவிட்டார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"எடுத்து விடுங்க முதலாளி. என் பொண்ணக் கொண்டு போன கை. நானும் வந்து பாக்குறேன்."

அதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை.

வாசலில் லாரிக்காரர், சாமான் ஏற்றியவர்கள், பஞ்சு எல்லோரும் நின்றார்கள். துணியை இறக்கிவிட்டுக்கொண்டு வார்னிஷ்காரர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். சின்னவளும் வந்தாள். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். சாவியைக் கொடுத்தேன்.

முதலாளி ஒரு காலை உள்ளே விட்டார். குனிந்தார். வயிறு ஸ்டீயரிங்கில் முட்டியது. வெளியே வந்தார். சிரித்தார். மறுபடியும் குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டார். இந்தப் பக்கம் தேடினார். அந்தப் பக்கம் தேடினார். முன்னால் தேடினார்.

"என்ன சார், காணோமா?" என்றான் மச்சான். "அன்னிக்கு ஒரே தள்ளு தள்ளினீங்களே. அதே தள்ளு."

"வண்டி மழையில கெடந்துச்சுல்ல. துரு பிடிச்சிருக்கு."

"துருவா?" பஞ்சு முன்னால் வந்தார். வந்த வேகத்தில் லாரிக்காரர் ஒதுங்கினார். "யோவ், அது துரு இல்லய்யா, நான்! போல்ட்டு போட்டு வெல்டிங் வச்சவன் நான். லீவரை அறுத்தவன் நான். அந்த அம்மா உயிரோட வந்து நின்னு, சரியா இருக்கான்னு உக்காந்து பாத்துட்டுப் போன சீட்டு இது. இதைத் தள்ளினியா நீ? தள்ளு! இப்பத் தள்ளு, நான் தொழிலை விட்டுடறேன்!"

முதலாளி சீட்டுக்கு அடியிலிருந்து கையை எடுத்தார்.

மாமனார் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் மண்டியிட்டார். சீட்டுக்கு அடியில் கையை விட்டார். அவர் விரல் அந்த போல்ட்டைத் தேடிக் கண்டுபிடித்தது. அதன் மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது. எழுந்திருக்காமலே முதலாளியைப் பார்த்தார்.

"நீங்க ஓட்டலையா?"

"இல்லீங்க, அது... பதட்டத்துல... என் வண்டியிலதான் கூட்டிட்டுப் போனேன். மாத்திச் சொல்லிட்டேன்."

"அப்ப அக்காவோட கார் எப்படி ஆஸ்பத்திரிக்குப் போச்சு?" என்றான் மச்சான். "துக்கம் தாங்காம பின்னாடியே நடந்து வந்துச்சா?"

முதலாளி சுற்றிலும் பார்த்தார். அவருடைய ஆட்களே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வார்னிஷ்காரர்களில் வயதானவர் தரையில் துப்பிவிட்டுச் சொன்னார். "அந்தப் பொண்ணு தனியாத்தான் போச்சு. நாங்க பாத்தோம். பேசினா வேலை போயிடும்னு சொன்னாரு."

"டேய்!"

"உங்க வேலையை நீங்களே வச்சுக்கங்க."

நான் முதலாளிக்கு மிக அருகில் போனேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

"அவ என்ன சொன்னா?"

"தம்பி, அன்னிக்குப் பெரிய கஸ்டமர் வந்திருந்தாங்க..."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. வாசல்ல வந்து நின்னாங்க. நெஞ்சைக் காட்டினாங்க. நான் கஸ்டமர்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேன். போய்ட்டு வாம்மான்னு கையைக் காட்டினேன். அவ்வளவுதான். இவ்வளவு தூரம் ஆகும்னு..."

"காலையிலேயே மூச்சு சரியில்லன்னு சொன்னாளா?"

அவர் லாரியைப் பார்த்தார்.

"சொன்னாளா?"

"இல்ல."

அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அடித்தால் அது அன்றோடு முடிந்துவிடும். இது முடியக்கூடாது. "இதையே போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லணும்," என்றேன். "கேட்டவங்க இத்தனை பேர் இருக்காங்க. ஃபேனையும் வந்து பாப்பாங்க. ஒட்டடை அடிக்காம அப்படியே வையுங்க."

மாமனார் எழுந்தார். சின்னவளின் கையைப் பிடித்தார்.

"வா."

"அப்பா, பென்சில் பாக்ஸ் உள்ள இருக்கு..."

"இருக்கட்டும்டி! பென்சில் இருக்கட்டும், மேசை இருக்கட்டும், எல்லாம் அவனுக்கே இருக்கட்டும். நீ வா!" அவர் கத்தியதை நான் அதுவரை கேட்டதில்லை. முதலாளியின் முன்னால் ஒரு நிமிடம் நின்றார். "துக்க வீட்ல உன் கையைப் பிடிச்சு அழுதேன்டா. இந்தக் கையால."

அந்தக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அப்புறம் மூன்று மாதத்தில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"வண்டிய எடுங்க மாப்ள."

பஞ்சு பஸ்ஸில் போவதாகச் சொல்லிவிட்டார். "நான் ஏறினா மத்தவங்க நடக்கணும். சாயங்காலம் கொண்டு வாங்க. அந்தப் பச்சை உறையைப் போட்டுத் தரேன். போல்ட்டை எடுக்கணுமா வேணாமான்னு மட்டும் யோசிச்சு வையுங்க."

மாமனார் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சின்னவளும் மச்சானும் பின்னால். அவள் போன வழியிலேயே ஆஸ்பத்திரிக்கு விட்டேன். ஒவ்வொரு சிக்னலிலும் நான் நின்றேன். ஒவ்வொரு சிக்னலிலும், அவள் இங்கே நின்றிருப்பாளா என்று பார்த்தேன். மாமனாரும் அதையேதான் பார்த்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வாட்ச்மேன் இருந்தார். அவரைப் பார்த்ததும் மச்சான் என் தோளைத் தட்டினான். வாட்ச்மேன் குட்டையாக, ஒடிசலாக இருந்தார். அந்த சீட்டில் சிரமமில்லாமல் உட்காரக்கூடிய உடம்பு.

"மாமா, நம்ம ஆளு."

வாட்ச்மேன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு கையை வீசியபடி வந்தார். "இங்க நிறுத்தக்கூடாது, ஆம்புலன்ஸ் வர்ற வழி, எடுங்க, எடுங்க..." காரைப் பார்த்தார். விசில் வாயிலிருந்து விழுந்து கயிற்றில் தொங்கியது.

"இந்த வண்டியா?" என்றார்.

"தெரியுமா?"

"நான்தானே பின்பக்கம் கொண்டு போய் விட்டு, சாவிய உள்ள குடுத்தேன்." எங்கள் நான்கு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க யாரு?"

"நான் வீட்டுக்காரர். இவர் அப்பா."

அவர் தொப்பியைக் கழற்றினார். சின்னவளைப் பார்த்தார், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சின்னவளுக்கு அக்காவின் முகம்.

"ஏங்க இதை யார்கிட்டயும் சொல்லல?" என்றான் மச்சான். கோபமாகத்தான் கேட்டான்.

"யாரு வந்து கேட்டா? ஒரு பெரிய மனுஷன் அப்புறமா வேற கார்ல வந்தாரு. நான்தான் சேர்த்தேன்னு உள்ள சொல்லிக்கிட்டு இருந்தாரு. அவரு சேர்க்கலன்னு எனக்குத் தெரியும். நம்ம பேச்சை எவன் கேப்பான்னு விட்டுட்டேன். அப்புறம்..." நிறுத்தினார். "நானும் யோக்கியம் இல்லீங்க. நான் அவங்களத் திட்டிட்டேன். இதோ, இங்கதான் நிறுத்தினாங்க. இதே இடம். 'ஏம்மா, கண்ணு தெரியலையா, ஆம்புலன்ஸ் வழியில நிறுத்துற, படிச்சவதானே நீ'ன்னு கத்தினேன். உடம்பு முடியாதவங்கன்னு எனக்குத் தெரியாது. தனியா ஓட்டிட்டு வந்தாங்க, யாருக்குத் தெரியும்? கதவைத் திறந்து, அந்த ஓரத்துல சறுக்கி இறங்கினாங்க. கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அப்பத்தான் மூஞ்சியப் பாத்தேன். ஓடிப் போய்ப் பிடிச்சேன். ஸ்ட்ரெச்சர்ல ஏத்தினப்புறம் பேச்சு இல்ல."

"அதுக்கு முன்னாடி?" என்று கேட்டேன்.

"பேசினாங்க. கதவைப் பிடிச்சுக்கிட்டு என்கிட்ட பேசினாங்க. விட்டு விட்டுத்தான் வந்துச்சு பேச்சு."

மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொன்னா?"

வாட்ச்மேன் தொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"'கோவிச்சுக்காதீங்கண்ணா, சாவி அதுலயே இருக்கு, கொஞ்சம் ஓரமா போட்டுடுங்க... சீட்டு பின்னாடி போகாது, பாத்து ஏறுங்க.'"